பன்னிரண்டில் ஒரு பங்கு

"லே எபிசா, கீழ சிமெண்டு எத்தற வரிசை கெடக்கு?"

மேல்தளத்தில் நின்று கேட்டவர் தங்கப்பன் கொத்தனார். கையில் டேப். கீழே மிக்சர் மிஷினுக்குப் பக்கத்தில் சாக்கைக் கிழித்துக்கொண்டிருந்த எபிசன் தலையை மட்டும் திருப்பினான்.

"நாலு, கொத்தனாரே."

"அஞ்சு இருக்கணும். நல்லாப் பாரு."

"நாலுதான்."

மேலே டேப் மறுபடி ஒருமுறை நீண்டது. பிறகு தங்கப்பன், "மிஷினை நிப்பாட்டு" என்றார்.

கான்கிரீட் போடுகிற நாளில் மிஷினை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். ஒரு பக்கம் தொடங்கினால் மறுபக்கம் போய்ச் சேருகிறவரை கை ஓயக் கூடாது. நடுவில் விட்டால் அந்த இடத்தில் பிற்பாடு மழை ஒழுகும். வேலைக்கு வந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அதனால் மிஷின் ஓட்டுகிற லிஜோ இரண்டாவது முறை கேட்ட பிறகுதான் சுவிட்சை அணைத்தான். திடீரென்று அமைதியானதில், திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போகிற வேன்களின் ஹாரன் கீழ் ரோட்டிலிருந்து கேட்டது.

வீடு பூங்கனியுடையது. புருஷன் மஸ்கட்டில். ரப்பர் தோட்டத்துச் சரிவில் கிடைத்த இடம் என்பதால், மேட்டுப் பக்கம் அடுக்களையும் சின்ன அறைகளும் இருந்தன. பள்ளத்துப் பக்கம் அஸ்திவாரத்தை உயர்த்திக் கட்டி, உள்ளே செம்மண் கொட்டி நிரப்பி, அதன்மேல் ஹால் வந்தது. மேஸ்திரி வேலை முழுக்கத் தங்கப்பனுடையது. அவர் சாக்கு எண்ணிக் கணக்குச் சொல்கிற ஆள் இல்லை. சிமெண்டை வரிசை வரிசையாக அடுக்கச் சொல்வார். வரிசையைப் பார்த்தே தளத்தை அளப்பார். இந்த வீட்டுக்குப் பன்னிரண்டு வரிசை. தளத்தின் நீளம் முப்பத்தாறு அடி. அப்படியானால் ஒரு வரிசைச் சிமெண்டு மூன்று அடி ஓட வேண்டும். இதுதான் அவருடைய கணக்கு. எழுதிப் பார்ப்பதில்லை. இருபது வருடமாகத் தப்பியதும் இல்லை.

தங்கப்பன் ஏணி வழியாக இறங்கினார். முழங்கால்வரை கான்கிரீட்.

"என்ன பிரச்சினை?" என்று நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார் ஜெபதாஸ். பூங்கனியின் மூத்த அண்ணன். அவரும் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர்தான். ஒரு கம்பெனியின் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்து, திரும்பி வாங்கி, குறைந்தால் கேள்வி கேட்டுக் காலம் போனது. தங்கையின் வீட்டு வேலையை மேற்பார்க்க அவரைத்தான் மச்சான் ஏற்படுத்தியிருந்தான்.

"சிமெண்டு காணாது சாரே," என்றார் தங்கப்பன். "சாயா குடிக்கதுக்கு முன்ன அடுக்களைப் பக்கம் முழுக்க முடிச்சோம். மொத்தத்துல மூணுல ஒரு பங்கு. அப்ப சிமெண்டும் மூணுல ஒரு பங்குதான் போயிருந்து. நான் பாத்துத்தான் சாயா குடிச்சேன். பொறவு ஹால் பக்கம் கேறி, மொத்தத்துல நாலுல ஒரு பங்கு ஓட்டியிருக்கு. இப்ப பாத்தா சிமெண்டுல மூணுல ரெண்டு பங்கு தீந்துபோச்சு."

ஜெபதாஸ் விரலை மடக்கினார். "மூணுல ஒண்ணு. நாலுல ஒண்ணு. மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ மூணும் நாலும் ஏழு. ஏழுல ரெண்டு." முகம் மாறியது. "ஏழுல ரெண்டு பங்குதான் ஓட்டியிருக்கியளா? அதுக்கு மூணுல ரெண்டு சிமெண்டா? ஓய், பாதிச் சிமெண்டு எங்க?"

முற்றத்து ஓரத்திலிருந்து பூங்கனியின் குரல் வந்தது.

"அண்ணே, நீ மேல கேறிப் பாத்தியா? பாதிக்கு மேல நெறஞ்சு கெடக்கு. ஏழுல ரெண்டுன்னா கால்வாசிக்கு இச்சிரி கூட, அவ்வளவுதான். சாயாவுக்கு முன்ன போட்டதே அதவிட அதிகம். பொறவு போட்டது எல்லாம் சேந்து எப்பிடி கொறையும்? ஒண்ணோட ஒண்ணு கூட்டினா கொறையுமா?"

"கீழயும் கூட்டணும்லா?"

"எனக்க மக ரெனிஷா பரிச்சைப் பேப்பருல இப்பிடித்தான் எழுதி வச்சா. அவளுக்க செவியப் பிடிச்சுத் திருகினேன். அவளுக்க மாமனுக்க செவிய ஆரு திருகுவா?"

ஜல்லிச் சட்டியோடு நின்ற சபிதா சத்தமாகவே சிரித்தாள். லிஜோ மிஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். ஜெபதாஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கினார்.

"சரி, நீயே சொல்லு."

"நான் என்னத்துக்கு? கொத்தனாரு வரிசையில சொல்லுவாரு."

தங்கப்பன் சொன்னார். "பன்னெண்டு வரிசையில மூணுல ஒரு பங்குன்னா நாலு வரிசை. நாலுல ஒரு பங்குன்னா மூணு வரிசை. நாலும் மூணும் ஏழு. மிச்சம் அஞ்சு கெடக்கணும். நாலுதான் கெடக்கு." கையை விரித்தார். "பன்னெண்டுல ஒரு பங்கு காணல்ல. மூணு அடித் தளத்துக்க சிமெண்டு."

பாதி காணவில்லை என்பது போய்ப் பன்னிரண்டில் ஒன்று காணவில்லை என்று ஆனதும் ஜெபதாஸ் நிம்மதி அடைந்திருக்கலாம். அடையவில்லை. பாதி காணாமல் போனால் அது கணக்குத் தப்பு. ஒரு வரிசை, ஐந்து சாக்கு, காணாமல் போனால் அது ஒரு ஆள். ஸ்டோரில் அவர் கற்றது அது.

"சாயா வரைக்கும் சரியா இருந்து. பொறவுதான் போயிருக்கு," என்றார். பிறகு எபிசனைப் பார்த்தார். "சாயாவுக்குப் பொறவு நீ வீட்டுக்குப் போனியா?"

"போனேன். கன்னுக்குட்டி கயிறு அறுத்துட்டு நிக்கின்னு பிள்ளை வந்து சொல்லிச்சு. கெட்டிப்போட்டு வந்தேன்."

எபிசனின் வீடு பாதைக்கு அந்தப் பக்கம். அங்கே குளிப்பதற்குக் குளிமுறி ஒன்று பாதிச் சுவரோடு நின்றது. நேற்றுப் பூசிய பூச்சு இன்னும் ஈரம் காயாமல், எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. ஜெபதாஸ் அதைப் பார்த்தார். அவர் பார்க்கிறதை எல்லோரும் பார்த்தார்கள்.

"அந்தச் சுவரு முடிக்கச் சிமெண்டு எங்க இருந்து வரும்?"

எபிசனின் கை சாக்கிலேயே நின்றது. "அண்ணே, வாயை அளந்து பேசணும்."

"நான் கேக்கத்தான் செய்யுகேன்."

"கேக்கது ஒரு விதம் இருக்கு."

கட்டட வேலையில் ஜல்லி சுமக்க யாரையும் கூப்பிடலாம். மண் அள்ள யாரையும் கூப்பிடலாம். சிமெண்டுக்கு அப்படி இல்லை. சாக்கு கிழிக்கிற இடத்தில் நிற்பவனைக் கொத்தனார் பார்த்துத்தான் நிறுத்துவார். ஒரு சாக்கு மாறினால் கெட்ட பெயர் கொத்தனாருக்கு. எபிசனுக்கு முன்னால் அங்கே நின்றவன் ஒரு சாக்கை ரப்பர் மரத்து மூட்டில் ஒளித்து வைத்து மாட்டிக்கொண்டான். இப்போது அவனைக் குலசேகரம் தொட்டுக் களியக்காவிளை வரை ஒரு கொத்தனாரும் கூப்பிடுவதில்லை. கேரளாவுக்குப் போய் மரம் வெட்டுகிறான். இன்று மத்தியானத்துக்குள் அந்தப் பன்னிரண்டில் ஒன்று எங்கே போனது என்று தெரியாவிட்டால் தானும் அவனைப்போல்தான் என்பது எபிசனுக்குப் புரிந்தது. தங்கப்பன் அவன் பக்கம் திரும்பாமல் டேப்பைச் சுருட்டியது அதைவிட நன்றாகப் புரியவைத்தது.

எபிசன் போய்க் காலிச் சாக்குகளை இழுத்துக்கொண்டு வந்து ஜெபதாஸின் காலடியில் போட்டான். ஐந்தைந்தாகக் கட்டி வைத்திருந்தான், கட்டு எட்டு.

"பன்னெண்டுல எட்டு. மூணுல ரெண்டு. முழுச் சாக்கு எங்கயும் போகல்ல. எல்லாம் இங்கதான் கிழிஞ்சிருக்கு."

"காலிச் சாக்கு இருந்தா உள்ள இருந்தது மிஷினுக்குள்ளதான் போச்சுன்னு அர்த்தமா? வேற சாக்குல தட்டிக் கொண்டுபோக எத்தற நேரம் ஆவும்?"

"லிஜோ நிக்கான். அவன் கண்ணு என்ன பொட்டையா?"

"நான் மிஷினப் பாத்தேனா, உன்னப் பாத்தேனா?" என்றான் லிஜோ. பயந்துபோயிருந்தான்; அதனால் உண்மையைச் சொல்லிவிட்டான்.

எடுக்காதவன் எடுக்கவில்லை என்பதை எதைக் காட்டி நிரூபிப்பான்?

ஜெபதாஸ் முற்றத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட ஆளின் நடை அல்ல அது. ஏதோ ஒன்று அவருக்கே உறுத்தியது. ஸ்டோரில் போல்ட் குறைந்தால் அவர் நட்டை எண்ணிப் பார்ப்பார். இரண்டும் சேர்ந்து போகிற சாமான். போல்ட் மட்டும் குறைந்திருந்தால் களவு. இரண்டும் ஒரே அளவில் குறைந்திருந்தால் வேலைக்குத்தான் போயிருக்கிறது. எபிசனின் வாயை ஒரேயடியாக அடைக்கலாம் என்றுதான் அவர் அதைக் கேட்டார்.

"ஒரு சாக்குச் சிமெண்டுக்கு மண்ணு அளவு உண்டும்லா?"

"பின்ன? பெட்டி வச்சு அளந்துதான் போடுகோம்," என்றாள் சபிதா. மண் என்று அவர்கள் சொல்கிற எம்சாண்டும் ஜல்லியும் அவள் பொறுப்பு. "கையில தோணினபடி அள்ளி இட, இது என்ன சாம்பாரா?"

"சிமெண்டு இடாம மண்ணு மட்டும் இட்டா?"

"மிஷின்ல கறங்கும்போதே தெரியும். வெளுத்துக் கெடக்கும். காது கூசுற மாதிரி கொத்தனாரு மேல இருந்து தெறி விளிப்பாரு."

"அப்ப சிமெண்டு களவு போயிருந்தா, மண்ணு அவ்வளவு தீந்திருக்காது. தளத்துக்கு உள்ள மண்ணுதான் தீந்திருக்கும். பன்னெண்டுல ஏழு." எபிசனைப் பார்த்தார். "மண்ணு எத்தற இருக்குன்னு பாப்போமா?"

"பாருங்க," என்றான் எபிசன். மண் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. அது அவன் பக்கம் அல்ல.

சபிதா முன்னால் நடந்தாள். "மண்ணு மூணா வந்து. முதல்ல பெரிய டிப்பருல மொத்தத்துல பாதி. அதுக்குப் பொறவு மழை பெஞ்சு பாதை இளகினதுல டிப்பரு கேறல்ல. கொச்சு வண்டியில ஆறுல ஒரு பங்கு கொண்டுவந்தாவ. மிச்சம் மூணுல ஒரு பங்கு முந்தாநேத்து வந்து. மூணும் தனித்தனியாத்தான் தட்டியிருக்கு."

டிப்பர் மண் கிடந்த இடத்தில் கீழே விரித்த ஷீட் தெரிந்தது. சின்ன வண்டி மண் கிடந்த இடத்தையும் சுரண்டி எடுத்திருந்தார்கள். மூன்றாவது குவியலில் மம்பட்டி படவே இல்லை. உச்சியில் ஒரு பூனை படுத்திருந்தது.

ஜெபதாஸ் மறுபடி விரலை மடக்கினார்; பாதி வழியில் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லு, சொல்லு," என்றாள் பூங்கனி. "கீழ உள்ளதக் கூட்டிராத."

"பாதின்னா ஆறுல மூணு. அதுகூட ஆறுல ஒண்ணு. ஆறுல நாலு." நிறுத்தினார். "மூணுல ரெண்டு."

"மூணுல ரெண்டு," என்றாள் சபிதா.

"சிமெண்டும் மூணுல ரெண்டு."

"ஆமா."

பூனை எழுந்து முதுகை வளைத்து நீட்டி மறுபடி படுத்தது. ஜெபதாஸ் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார். சாமான் குறைந்திருந்தால் அவருக்கு என்ன செய்வது என்று தெரியும். இங்கே ஒன்றும் குறையவில்லை. சிமெண்டு எவ்வளவு போனதோ அதே அளவு மண்ணும் போயிருக்கிறது. ஒருவன் சிமெண்டு திருடலாம். திருடியது தெரியாமல் இருக்க மண்ணையும் ஜல்லியையும் அதே கணக்கில் சுமந்துகொண்டு பாதையைக் கடக்க மாட்டான்.

"அப்ப சாமான் எல்லாம் மிஷினுக்குள்ளதான் போயிருக்கு," என்றார் மெதுவாக. "காங்கிரீட்டா மாறி மேல போயிருக்கு. மேல போனது மூணுல ரெண்டு. மேல இருக்கது பன்னெண்டுல ஏழு. இது எப்பிடி ஓய்?"

"அதத்தானே நானும் கேக்கேன்," என்றான் எபிசன்.

இப்போது அவன்மேல் விழுந்த பழி கொஞ்சம் விலகி நின்றது; முழுக்கப் போகவில்லை. காணாமல் போனது இன்னும் காணாமல்தான் இருந்தது. ஆனால் முற்றத்தில் நின்றவர்களுக்குக் கேள்வி மாறிவிட்டது. யார் எடுத்தது என்று கேட்கும்போது ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்காமல் நின்றவர்கள், எங்கே போனது என்று கேட்டதும் நெருங்கி வந்தார்கள்.

"சட்டியில இருந்து சிந்தியிருக்கும்," என்றான் லிஜோ.

"சிந்தினா ஒரு சாக்கு சிந்தும். அஞ்சு சாக்கா? முற்றத்துல நீ கால் வைக்க எடம் இருக்காது," என்றாள் சபிதா.

"பீமுக்குள்ள போயிருக்கும்," என்றான் லிஜோ மறுபடி.

"பீமு அடுக்களைப் பக்கமும் உண்டு. அங்க கணக்குச் சரியா இருந்துல்லா?"

இதைச் சொன்னது எபிசன். சொல்லிவிட்டு அவனே யோசித்தான். "கொத்தனாரே, அடுக்களைப் பக்கம் சரி. அப்ப அந்தப் பன்னெண்டுல ஒண்ணும் ஹாலுக்குள்ளதான் கெடக்கணும். ஹால்ல போட்டது ஒம்பது அடி. மூணு அடிக்கு உள்ளதும் அதுக்குள்ளயே போயிருக்குன்னா, பன்னெண்டு அடிக்கு உள்ள காங்கிரீட்டு ஒம்பது அடிக்குள்ள கெடக்கு. நீங்க கனமாப் போட்டுட்டிய."

தங்கப்பனுக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து முதல் தடவை.

"லே, நான் நூலு கெட்டிப் போடுகேன். மேல் மட்டம் ஒரு நூல் கூடாது, கொறையாது. அஞ்சு இஞ்சுன்னா அஞ்சு இஞ்சு. எனக்கு நீ படிச்சுத் தராத."

"நூலு மேலத்தானே இருக்கு?" என்றான் எபிசன்.

எதிர்த்துப் பேச வேண்டும் என்று அவன் அதைச் சொல்லவில்லை. ஆனால் தங்கப்பனின் முகத்தில் இருந்த கோபம் அந்த இடத்திலேயே நின்றுபோனது. நூல் மேலேதான் இருந்தது. மேல்மட்டம் நூலோடு சரியாக இருந்தால் தளம் சரி என்றுதான் அவர் கை பழகியிருந்தது. கான்கிரீட்டைத் தாங்க அடியில் முட்டுக் கம்புகள்மேல் பரப்பியிருந்த தகடு காலையில் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பதை அவர் பார்க்கவில்லை, நம்பியிருந்தார். தகடு இறங்கினால் அந்தப் பள்ளத்தையும் கான்கிரீட் நிரப்பும். மேலே இழுத்துவிட்டால் மட்டமாகத்தான் தெரியும்.

அவர் ஓடவில்லை. ஒரு துண்டுக் கம்பியை எடுத்தார், ஐந்து இஞ்சில் சாக்பீஸால் கோடு போட்டார், ஏணியில் ஏறினார். எபிசனும் பின்னால் ஏறி, ஏணி முனையிலேயே நின்றான். மேலே ஆறு ஆட்கள், மிஷின் நின்ற நேரத்தில் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு பீடி குடித்தார்கள். இரண்டு பேர் ஹாலின் நடுவில்.

தங்கப்பன் சுவர் ஓரத்தில் கம்பியைக் குத்தினார். கான்கிரீட்டுக்குள் இறங்கித் தகட்டில் முட்டி 'டங்' என்றது. கோடு மட்டத்தில் நின்றது. ஐந்து. இரண்டடி உள்ளே போய்க் குத்தினார். கோடு முங்கியது. ஆறு இருக்கும். எம்பி நீட்டி நடுப்பக்கம் குத்தியபோது கம்பி இறங்கிக்கொண்டே போய், அவர் விரல்கள் கான்கிரீட்டைத் தொட்ட பிறகுதான் முட்டியது.

எட்டு.

அவர் எழுந்து நின்றார். குரலை உயர்த்தாமல் பேசினார். "மக்கா, ஆரும் ஓடப்பிடாது. நடுவுல நிக்க ரெண்டு பேரும் பைய அடுக்களைப் பக்கம் வாங்க. ஒவ்வொருத்தரா. மம்பட்டிய அங்ஙனயே போடு. காங்கிரீட்டக் குலுக்குற வைப்ரேட்டரத் தொடாத."

"என்னத்துக்கு அண்ணே?"

"நட, பொறவு சொல்லுகேன்."

அவர்கள் நடந்தார்கள். கடைசி ஆள் அடுக்களைப் பக்கத்தில் கால் வைத்த பிறகுதான் தங்கப்பன் மூச்சு விட்டார். அந்த மூச்சுச் சத்தம் ஏணி முனையில் நின்ற எபிசனுக்குக் கேட்டது.

கீழே வாசலில் நின்று ஜெபதாஸ் செல்போன் டார்ச்சை ஹாலுக்குள் அடித்தார். யாரையும் உள்ளே விடவில்லை. முட்டுக் கம்புகள் காடுபோல் நின்றன. ஓரத்தில் நின்றவை நேராக இருந்தன. நடுவில் நின்றவை ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. அவற்றின் அடியில் வைத்த பலகைகள் தெரியவில்லை. செம்மண் சேறு அவற்றை விழுங்கியிருந்தது. தகட்டு இடுக்கு வழியாகச் சிமெண்டுப் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குள்ள வெள்ளம் எப்பிடி வந்து?" என்றார் ஜெபதாஸ்.

எல்லோரும் வெளியே திரும்பிப் பார்த்தார்கள். மிஷினுக்குப் பக்கத்து நீல டிரம்மில் ஹோஸ் கிடந்தது. டிரம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வழிந்த தண்ணீர் ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் மறைவாக ஓடி, படி இன்னும் கட்டாத வாசல் வழியாக ஹாலுக்குள் இறங்கியிருந்தது. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் தளம் போடும்போது தண்ணீர் தீர்ந்து வேலை நின்றுபோய், ஊரே பேசியது. "எனக்க வீட்டுல அப்பிடி ஒரு பேச்சு வராது, கிணத்துல வெள்ளம் கெடக்கு" என்று சொல்லிக் காலையில் மோட்டாரைப் போட்டவள் பூங்கனி. சாயாவுக்குப் பிறகு அவள் அதை அணைக்கவே இல்லை. அணைக்கச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் குறைவதைத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

அவள் போய் மோட்டாரை அணைத்தாள். திரும்பி வந்தபோது முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"விழுந்திருமா கொத்தனாரே?"

"வைப்ரேட்டரு ஓடல்ல, ஆளும் எறங்கியாச்சு. கொஞ்ச நேரம் நிக்கும். அதுக்குள்ள நாம செய்யணும்."

செய்தார்கள். சுவரிலிருந்து சுவருக்கு நீளப் பலகை போட்டு, அதில் குப்புறப் படுத்து, நடுவிலிருந்த கான்கிரீட்டைச் சட்டி சட்டியாக வாரி எடுத்தார்கள். பாரம் குறையக் குறைய, கீழே அஸ்திவாரத்துக்கு மிஞ்சிய கருங்கல்லைச் சேற்றில் இறக்கி, அதன்மேல் புது முட்டு வைத்தார்கள். உள்ளே போக மூன்று பேர் வேண்டும் என்று தங்கப்பன் கேட்டபோது எபிசன் ஏற்கெனவே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தான். ஜெபதாஸ் தன் காரிலிருந்து ஜாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். தகட்டை ஒரு விரல் அளவு தூக்க, ஒரு முட்டு. மறுபடி ஒரு விரல், மறுபடி ஒரு முட்டு. மேலே நூலிலிருந்து கம்பி குத்தி அளந்துகொண்டிருந்த தங்கப்பன், "ஏழு" என்று கத்தினார். பிறகு "ஆறரை." "ஆறும் காலும்." கீழே இருந்தவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். "அஞ்சே முக்கால்... அஞ்சே கால், இன்னும் ஒரு காலு கேத்து... நில்லு, நில்லு, போதும்!"

எபிசன் வெளியே வந்தபோது முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. சிமெண்டுப் பால் கழுத்து வழியாக இறங்கி முதுகை எரித்தது. சபிதா ஒரு வாளித் தண்ணீரை அவன் தலைவழியாகக் கவிழ்த்தாள்.

"பன்னெண்டுல ஒண்ணு கெடச்சுதாலே?"

"கெடச்சுது. எனக்க முதுகுலதான் முக்காலும் கெடக்கு."

வாரிய கான்கிரீட்டில் இறுகத் தொடங்கியதை மறுபடி போட முடியாது. முற்றத்துப் பள்ளத்தில் தட்டினார்கள். அதனால் சிமெண்டு ஒரு வரிசை குறைந்தது குறைந்ததுதான். ஜெபதாஸ் குலசேகரம் ரோட்டுக் கடைக்குத் தானே போய், ஐந்து சாக்கு மினி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். இறக்கி வைத்ததும் உட்காரவில்லை. எல்லோரும் நிற்கும்போதே சொன்னார்.

"எபிசா, நான் சொன்னது தப்பு. எல்லாரும் கேட்டுத்தான் சொன்னேன், எல்லாரும் கேக்கவே திருத்துகேன். நீ எடுக்கல்ல."

"சரி அண்ணே."

"மனசுல வைக்காத."

எபிசன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். "ஒரு காரியம் கேக்கட்டா? பாதை இளகாம இருந்திருந்தா மண்ணு மொத்தமும் அந்த டிப்பருலயே வந்து ஒரே குவியலாக் கெடந்திருக்கும். பாதி அள்ளின குவியலப் பாத்து மூணுல ரெண்டு போச்சா, பன்னெண்டுல ஏழு போச்சான்னு ஆருக்குத் தெரியும்? அப்ப என்ன செஞ்சிருப்பிய?"

ஜெபதாஸ் அதை உண்மையாகவே யோசித்தார். ஒரே குவியல். அளக்க வழியில்லை. எதிரே ஈரச் சுவர்.

"உன்ன விட்டிருக்க மாட்டேன்," என்றார்.

"ம்."

"தளமும் விழுந்திருக்கும்," என்றார் தொடர்ந்து, தனக்கே சொல்வதுபோல. "ஆறு பேரு மேல நின்னுகிட்டு இருந்தாவ. நான் கீழ நின்னு உனக்ககூட வழக்குப் பேசிட்டு இருந்திருப்பேன்."

எபிசன் சாக்கு கிழிக்கிற மடக்குக் கத்தியை எடுத்து ஜெபதாஸின் கையில் வைத்தான். "சாக்க நீங்க கிழியுங்க. நான் ஜல்லி சுமக்கேன்."

"லே," என்றார் தங்கப்பன் மேலேயிருந்து. "நான் சொல்லுகேன். உனக்க எடத்துல நில்லு."

"இன்னைக்கு இல்ல கொத்தனாரே. இந்த வீட்டுச் சாக்குல இனி கை வைக்கல்ல. அடுத்த வீட்டுல நிக்கேன். நீங்க விளிச்சா."

"விளிக்காம எங்க போவேன்? அடுத்த வாரம் ஆரல்வாய்மொழியில வேலை. ஆறு மணிக்கு ஜங்ஷன்ல நில்லு."

எபிசன் சபிதாவின் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டு ஜல்லிப் பக்கம் போனான். லிஜோ சுவிட்சைப் போட்டான். ஜெபதாஸ் முதல் சாக்கைக் குறுக்கே கிழித்து, தூக்கத் தெரியாமல் தூக்கி, மிஷினின் வாயில் பாதியும் தன் சட்டையில் பாதியுமாகத் தட்டினார். சாம்பல் நிறப் புகை எழுந்து அவர் தலையை மூடியது. இருமல் நிற்கவில்லை.

"ஆராவது சாருக்கு மூக்குல கெட்ட ஒரு தோர்த்துத் துண்டு குடுங்க," என்றாள் சபிதா. "சாரே, சட்டையில கெடக்கதையும் தட்டி உள்ள இடும். அளவு கொறஞ்சா கொத்தனாரு மேல இருந்து தெறி விளிப்பாரு."

ஜெபதாஸ் குனிந்து சட்டையை மிஷினுக்குள் தட்டினார்.